ஆய்வு மானியமும் கிளினிகல் சயின்டிஸ்ட் பயிற்சியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நோயாளிகளைப் பார்த்துக்கொண்டே ஆய்வும் செய்ய வேண்டும் என்று கிளம்பும் இளம் மருத்துவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. ரவுண்ட்ஸ் முடிந்து படியிறங்கும்போது கேட்டவை சில. விண்ணப்பத்தின் கடைசி நாளுக்கு முந்தின இரவு போனில் கேட்டவை பல. நான் மானியத்துக்கு எழுதித் தோற்றவன், சிலமுறை வாங்கியவன், பிற்பாடு பிறருடைய விண்ணப்பங்களை மதிப்பிடும் மேசையிலும் உட்கார்ந்தவன். அப்படித் தெரிந்துகொண்டதைத்தான் சொல்கிறேன். ஒவ்வொரு நிதி அமைப்புக்கும் தனி விதிமுறை உண்டு, அது அடிக்கடி மாறவும் செய்யும். அதனால் நீங்கள் விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிப்பை வரி விடாமல் படித்துவிடுங்கள்.

கிளினிகல் சயின்டிஸ்ட் என்றால் யார்? ஆய்வுக் கட்டுரை எழுதும் டாக்டர் எல்லோருமே அப்படித்தானா?

இல்லை. படுக்கையருகே எழும் கேள்வியை ஆய்வுக்கூடத்துக்கோ களத்துக்கோ எடுத்துப்போய், வருடக்கணக்கில் அதோடு மல்லுக்கட்டி, விடையோடு படுக்கையருகே திரும்பி வருபவரைத்தான் அப்படிச் சொல்கிறோம். ஓய்வு நேரத்தில் ஒரு கேஸ் ரிப்போர்ட் எழுதுவது நல்ல காரியம்தான், ஆனால் அது வேறு.

ஓர் உதாரணம். 1968 வாக்கில், அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனமான என்.ஐ.எச்.சின் மருத்துவமனையில் ஜோசப் கோல்ட்ஸ்டீன் என்ற இளம் மருத்துவர் ஒரே வீட்டுப் பிள்ளைகள் இருவரைப் பார்த்தார். சின்ன வயதிலேயே இதய நோய், ரத்தத்தில் கொலஸ்ட்ரால் மற்றவர்களுக்கு இருப்பதைப் போலப் பல மடங்கு. தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் வந்த மரபுக் கோளாறு அது. வேறு யாராக இருந்தாலும் கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போயிருப்பார்கள். கோல்ட்ஸ்டீனும் அவருடைய நண்பர் மைக்கேல் பிரவுனும் அந்தக் குழந்தைகளை விடவில்லை. இப்படிப்பட்ட நோயாளிகளின் தோலிலிருந்து எடுத்த செல்களை வளர்த்துப் பார்த்து, ரத்தத்திலிருக்கும் கொலஸ்ட்ராலைச் செல்லுக்குள் இழுக்கும் எல்.டி.எல். ஏற்பியைக் கண்டுபிடித்தார்கள். அந்தக் குழந்தைகளிடம் பழுதாகி இருந்தது அதுதான். 1985-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. கொலஸ்ட்ராலைக் குறைக்க இன்று கோடிக்கணக்கானோர் விழுங்கும் ஸ்டாட்டின் மாத்திரை உடலில் எப்படி வேலை செய்கிறது என்பது புரிந்ததும் இந்த வேலையால்தான்.

இருவரும் எம்.டி. (அமெரிக்காவில் அடிப்படை மருத்துவப் பட்டமே அதுதான்) படித்தவர்கள், பிஎச்.டி. இல்லை. ஆனால் மருத்துவப் பயிற்சிக்கு அப்புறம் சில ஆண்டுகள் ஆய்வு கற்றுக்கொள்வதற்கென்றே ஓர் இடமும் சம்பளமும் அவர்களுக்குக் கிடைத்தன. வியட்நாம் போர்க் காலத்தில் ராணுவத்துக்குப் போவதற்குப் பதிலாக என்.ஐ.எச்.சில் இரண்டு ஆண்டு வேலை பார்க்கலாம் என்றொரு வழி இருந்தது. பின்னாளில் வேதியியல் நோபல் பெற்ற இதய மருத்துவர் ராபர்ட் லெஃப்கோவிட்ஸும் அதே வழியில் வந்தவர்தான்.

புராஜெக்ட் மானியம், ஃபெலோஷிப், ஒப்பந்தம். எல்லாம் பணம்தானே, என்ன வித்தியாசம்?

புராஜெக்ட் மானியம் கேள்விக்குக் கொடுப்பது. ஃபெலோஷிப் ஆளுக்குக் கொடுப்பது. ஒப்பந்தம் என்றால் கேள்வியே அவர்களுடையது. நீங்கள் வேலையைச் செய்து ஒப்படைக்கிறீர்கள். மருந்து நிறுவனங்களின் பெரும்பாலான சோதனைகள் மூன்றாவது வகை. அதில் நல்ல அனுபவம் கிடைக்கும், துறைக்குக் கொஞ்சம் வருமானமும் வரும். ஆனால் அதை மட்டுமே பத்து ஆண்டு செய்தவர் சொந்தமாக ஒரு கேள்வி கேட்கத் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

இளம் மருத்துவருக்கு முதலில் தேவை ஃபெலோஷிப். அதற்கு முன்னால் சிறிய தொடக்க நிதி ஏதாவது உங்கள் நிறுவனத்திலேயே இருந்தால் அதை வாங்கி, முன்னோட்ட ஆய்வு ஒன்றை முடித்துவிடுங்கள்.

பணம் கொடுப்பது யார்?

பெரும்பகுதி அரசு, அப்புறம் அறக்கட்டளைகள், அப்புறம் தொழில் நிறுவனங்கள். அரசுப் பணத்துக்குப் பழைய கதைகள் உண்டு. பிரிட்டனின் மருத்துவ ஆய்வுக் கவுன்சில் 1913-ல் ஒரு குழுவாகத் தொடங்கியபோது, காப்பீடு செய்த தொழிலாளி ஒருவருக்கு ஆண்டுக்கு ஒரு பென்னி என்ற கணக்கில் ஆய்வுக்குப் பணம் ஒதுக்கினார்கள். முதல் கவலை காசநோய். இந்தியாவில் 1911-ல் ஆய்வு நிதிச் சங்கமாகத் தொடங்கியதுதான் 1949-ல் இந்திய மருத்துவ ஆய்வுக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) என்று பெயர் மாறியது. என்.ஐ.எச்.சின் வேர் 1887-ல் ஓர் அறை ஆய்வுக்கூடம். ஹென்றி வெல்கம் என்ற மருந்து வியாபாரியின் உயிலின்படி 1936-ல் உருவானது வெல்கம் அறக்கட்டளை. அதுவும் இந்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையும் சேர்ந்து நடத்தும் இந்தியா அலையன்ஸில் மருத்துவர்களுக்கென்றே தனி ஃபெலோஷிப் வரிசை உண்டு.

இவை தவிர, ஒரே ஒரு நோய்க்கென இருக்கும் சிறு அறக்கட்டளைகளும் உண்டு. பலர் இவற்றைத் தவறவிடுகிறார்கள். தொகை சிறியதுதான், ஆனால் போட்டி குறைவு. அந்த நோயோடு வாழ்பவர்கள் உங்கள் விண்ணப்பத்தைப் படிக்கவும் வாய்ப்பு உண்டு. அவர்கள் எழுதும் கருத்து சில சமயம் பேராசிரியர்கள் எழுதுவதைவிடக் கூர்மையாக இருக்கும்.

எம்.டி. முடித்ததும் நேரே விண்ணப்பிக்கலாமா? பிஎச்.டி. கட்டாயமா?

ஊருக்கு ஊர் வழி வேறு. அமெரிக்காவில் எம்.டி.யும் பிஎச்.டி.யும் சேர்த்துப் படிக்கும் திட்டத்துக்கு 1964 முதல் என்.ஐ.எச். நிதி கொடுக்கிறது. படித்து முடிக்கவே எட்டு ஆண்டு ஆகிவிடும், அதற்குமேல் சிறப்புப் பயிற்சி வேறு. பிரிட்டனில் மருத்துவப் பயிற்சியோடு ஆய்வை ஊடுபாவாகச் சேர்த்திருக்கிறார்கள்: தொடக்கநிலைப் பணியில் கால் பங்கு நேரம் ஆய்வுக்கு, பிஎச்.டி. முடித்து அடுத்த படிக்கு வந்தால் பாதிக்குப் பாதி.

பிஎச்.டி. இல்லாமலும் ஃபெலோஷிப் கொடுக்கும் அமைப்புகள் பல இருக்கின்றன. என் கருத்தைக் கேட்டால், பட்டத்தைவிட முறையான ஆய்வுப் பயிற்சி முக்கியம். ஆய்வு வடிவமைப்பு, புள்ளியியல், ஒரு பொறுமையான வழிகாட்டி, அப்புறம் தோற்கவும் நேரம். இந்த நான்கும் பிஎச்.டி.யில் கிடைத்தால் அதைச் செய்யுங்கள். பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ள மட்டும் என்றால் வேண்டாம்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். இந்த வகை மருத்துவர்கள் அருகிவரும் இனம் என்று ஜேம்ஸ் விங்கார்டன் எழுதியது 1979-ல். பின்னால் அவரே என்.ஐ.எச்.சின் இயக்குநர் ஆனார். படிப்புக் கடன், நீளும் பயிற்சிக் காலம், தனியார் பிராக்டிஸின் வருமானம் என்று இன்றைக்கும் நாம் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

எல்லா அறிவிப்பிலும் 'பாதுகாக்கப்பட்ட நேரம்' என்று வருகிறதே, அது என்ன?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். நோயாளிப் பணி எதுவும் குறுக்கிடாமல் ஆய்வுக்கென்றே ஒதுக்கிய நேரம் அது. மருத்துவருக்கு மானியம் வாங்கித் தருவது அந்த நேரத்தைத்தான். கருவியும் ரசாயனமும் அதற்கு அடுத்தபடி.

அமைப்புகளுக்கும் இது தெரியும். என்.ஐ.எச். மருத்துவர்களுக்குக் கொடுக்கும் கே08, கே23 என்ற பயிற்சி விருதுகளில், முழு உழைப்பில் முக்கால் பங்காவது ஆய்வுக்கும் அதற்கான பயிற்சிக்கும் போக வேண்டும் என்பது நிபந்தனை. அறுவை சிகிச்சை மருத்துவர்களுக்குச் சில இடங்களில் பாதி போதும் என்று தளர்த்தியிருக்கிறார்கள். கத்தியைக் கீழே வைத்தால் கை மறந்துவிடும் என்பது நியாயமான பயம்.

காகிதத்தில் எழுதுவது சுலபம். என் முதல் ஃபெலோஷிப்பில், வாரத்தில் மூன்று நாள் ஆய்வுக்கு என்று மேலதிகாரி கையெழுத்துப் போட்டிருந்தார். மூன்று மாதம் ஒழுங்காகப் போனது. நான்காம் மாதம் துறையில் ஒருவர் நீண்ட விடுப்பில் போனார். "இந்த ஒரு மாசம் மட்டும் பார்த்துக்கோப்பா" என்றார்கள். செவ்வாய்க்கிழமை போனது. மழைக்காலக் காய்ச்சல் கூட்டத்தில் புதன் போனது. வியாழன் மட்டும் மிஞ்சியது, அதிலும் மதியத்துக்கு மேல் போன் வரும். ஆண்டு முடிவில் கணக்குப் பார்த்தால், 150 நாள் இருக்க வேண்டிய இடத்தில் 61 நாள். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை, அதுதான் சங்கடம். வார்டில் மூச்சுத் திணறுபவருக்கு முன்னால் என் எக்செல் கோப்பு காத்திருக்கத்தான் செய்யும்.

அதனால் இப்போது யார் கேட்டாலும் இதைச் சொல்கிறேன். நிறுவனத்தின் ஆதரவுக் கடிதத்தில் 'போதிய நேரம் அளிக்கப்படும்' என்ற வரியை ஏற்காதீர்கள். எந்தெந்தக் கிழமை, அந்த நாட்களில் உங்கள் ஓ.பி.யை யார் பார்ப்பார், இரவு டியூட்டி மாதம் எத்தனை, விடுப்பில் ஆள் போனால் என்ன ஏற்பாடு என்று எழுதி வாங்குங்கள். ஃபெலோஷிப்பே உங்கள் சம்பளத்தைக் கொடுக்கிறது என்றால், நிறுவனத்துக்கு மிச்சமாகும் அந்தச் சம்பளத்தில் பதிலாள் ஒருவரை வைப்பார்களா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். மதிப்பீட்டு மேசையில் உட்காரும்போது நான் முதலில் புரட்டுவது இந்தக் கடிதத்தைத்தான்.

விண்ணப்பத்தில் எந்தப் பக்கத்துக்கு அதிகம் உழைக்க வேண்டும்?

நோக்கங்களைச் சொல்லும் முதல் பக்கத்துக்கு. என்.ஐ.எச்.சில் அது சரியாக ஒரு பக்கம். மற்ற இடங்களிலும் சுருக்கம் என்ற பெயரில் இருக்கும். குழுவில் பாதிப் பேர் அதை மட்டும்தான் கவனமாகப் படிப்பார்கள். மீதியை இரவு பதினொரு மணிக்குப் படிப்பவரும் மனிதர்தான்.

கேள்வி கூர்மையாக இருந்தால் பக்கம் தானாக எழுந்து நிற்கும். 'சர்க்கரை நோயாளிகளின் கால் புண் பற்றிய ஆய்வு' என்று ஒருவர் கொண்டுவந்தார். அது கேள்வியே இல்லை, ஒரு பேட்டை. யாருக்கு, என்ன செய்தால், எதோடு ஒப்பிட்டால், எது மாறும், எவ்வளவு நாளில் என்று உட்கார்ந்து பேசினோம். மாலைக்குள் இப்படி வந்தது: 'கால் புண் ஆறி வீடு திரும்பியவர்கள் தினமும் வீட்டிலேயே பாதத்தின் வெப்பத்தை அளந்து, சூடு ஏறிய இடத்துக்கு ஓய்வு கொடுத்தால், வழக்கமான கவனிப்பில் இருப்பவர்களைவிட ஓராண்டுக்குள் மறுபடி புண் வருவது குறையுமா?' இதைப் படித்ததும் செலவு, ஆள், காலம் எல்லாம் கண்ணுக்குத் தெரிகிறது பாருங்கள்.

நோக்கங்கள் இரண்டு அல்லது மூன்று போதும். முதல் நோக்கம் தோற்றால் இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்து சரியும்படி அடுக்காதீர்கள். புதியவர்கள் அதிகம் அடிவாங்குவது இங்கேதான்.

எத்தனை பேரைச் சேர்க்க வேண்டும் என்று எப்படிச் சொல்வது? நூறு பேர் என்று போட்டால் போதாதா?

போதாது. நூறு என்று வட்டமாக எழுதியிருந்தால், கணக்குப் போடவில்லை என்று படிப்பவருக்கு உடனே தெரிந்துவிடும்.

மேலே சொன்ன கால் புண்ணையே எடுத்துக்கொள்வோம். ஆறிய புண் ஓராண்டுக்குள் நூற்றில் சுமார் 40 பேருக்குத் திரும்ப வருகிறது. உங்கள் முறையால் அது 25 ஆகக் குறையும் என்று எதிர்பார்க்கிறீர்கள். உண்மையிலேயே அந்த வித்தியாசம் இருந்தால் ஐந்தில் நான்கு முறையாவது ஆய்வு அதைக் கண்டுபிடிக்க வேண்டும், இல்லாததை இருப்பதாகச் சொல்லும் வாய்ப்பு நூற்றில் ஐந்தைத் தாண்டக் கூடாது என்று வழக்கமான நிபந்தனைகளை வைத்தால், ஒரு பிரிவுக்கு சுமார் 149 பேர் வேண்டும். நடுவில் பத்தில் ஒருவர் வராமல் போய்விடுவார். அதைச் சேர்த்தால் 166. இரண்டு பிரிவுக்கும் 332.

இனிமேல்தான் வேடிக்கை. உங்கள் ஓ.பி.யில் வாரத்துக்கு இரண்டு பேர் சம்மதிக்கிறார்கள் என்றால் 332 பேரைச் சேர்க்க 166 வாரம். மூன்று ஆண்டுக்கும் மேல்! கடைசியாகச் சேர்ந்தவரை இன்னும் ஓராண்டு பின்தொடர வேண்டும். மானியமோ மூன்று ஆண்டுக்கு. உடனே பலர் செய்யும் தவறு, எதிர்பார்க்கும் வித்தியாசத்தைப் பெரிதாக்கி ஆள் எண்ணிக்கையைக் குறைப்பது. உண்மை பெரும்பாலும் மறுபக்கம் இருக்கும். 40 என்பது 30 ஆகத்தான் குறையும் என்றால் பிரிவுக்கு 353 பேர் வேண்டும், இடையில் நிற்பவர்களைச் சேர்க்காமலேயே.

சரி, என்ன செய்வது? இன்னும் இரண்டு மருத்துவமனைகளைச் சேர்த்தால் வாரத்துக்கு ஆறு பேர், 332 பேருக்கு 55 வாரம். முன்னேற்பாடுகளுக்கு ஆறு மாதம், சேர்ப்பு 55 வாரம், பின்தொடர்தல் ஓராண்டு, பகுப்பாய்வுக்கு மூன்று நான்கு மாதம். மூன்று ஆண்டுக்குள் அடங்கும், மூச்சுவிட இடம் இல்லாமல். இந்தக் கணக்கைப் புள்ளியியலாளரோடு உட்கார்ந்து போடுங்கள், அதுவும் விண்ணப்பம் எழுதுவதற்கு முன்னால். கடைசி வாரத்தில் போய் 'ஒரு நம்பர் மட்டும் கொடுங்கள்' என்று கேட்டால், அவர் நம்பரைக் கொடுத்துவிட்டு உங்கள் பெயரை மறந்துவிடுவார்.

பட்ஜெட்டில் எதை எல்லோரும் மறக்கிறார்கள்?

ஆய்வுச் செவிலியரின் இரண்டாம் ஆண்டு, மூன்றாம் ஆண்டுச் சம்பள உயர்வு. பங்கேற்பவர்களின் பயணச் செலவு. ஆய்வால் பாதிப்பு ஏற்பட்டால் இழப்பீட்டுக்கான காப்பீடு. கருவியை அவ்வப்போது சரிபார்க்கும் செலவு. புள்ளியியலாளருக்கான பங்கு. தரவைச் சேமித்துப் பகிர ஆகும் செலவு. 2023 ஜனவரியிலிருந்து என்.ஐ.எச். இதற்கென்று தனித் திட்டமே கேட்கிறது. கட்டுரையை எல்லோரும் இலவசமாகப் படிக்கும்படி வெளியிட இதழ்கள் வாங்கும் கட்டணம்.

அப்புறம் ஓவர்ஹெட். மின்சாரம், கட்டடம், கணக்கர் என்று நிறுவனம் எடுத்துக்கொள்ளும் பங்கு அது. ஐரோப்பிய ஆய்வுக் கவுன்சில் நேரடிச் செலவின்மேல் 25 சதவீதம் என்று ஒரே அளவாக வைத்திருக்கிறது. அமெரிக்காவில் ஒவ்வொரு நிறுவனமும் அரசோடு பேசி ஒரு விகிதம் முடிவு செய்வது வழக்கம். சில அறக்கட்டளைகள் ஒன்றும் கொடுக்காது. உங்கள் நிதி அலுவலகம் ஒன்றை எதிர்பார்த்து, அறிவிப்பில் வேறொன்று இருந்தால், சண்டை கடைசி நாளில்தான் வெடிக்கும். ஒரு மாதம் முன்பே போய்ப் பேசிவிடுங்கள்.

குறைவாகக் கேட்டால் கிடைக்கும் என்பது மூடநம்பிக்கை. வேலைக்குப் போதாத பட்ஜெட், வேலை தெரியாதவரின் பட்ஜெட் மாதிரிதான் தெரியும்.

பணம் குறைவாக இருந்தால் நல்ல ஆய்வு வராதா?

வரும். சில சமயம் தட்டுப்பாடே நல்ல வடிவமைப்பைக் கொண்டுவரும். இரண்டாம் உலகப் போர் முடிந்த பிரிட்டனில் ஸ்ட்ரெப்டோமைசின் என்ற புது மருந்து மிகக் கொஞ்சம்தான் இருந்தது. எல்லாக் காசநோயாளிகளுக்கும் கொடுக்க வழியே இல்லை. அப்படியானால் யாருக்குக் கொடுப்பது என்பதைத் தற்செயல் எண்களின்படி முடிவு செய்வது நியாயம்தானே என்று மருத்துவ ஆய்வுக் கவுன்சில் நினைத்தது. புள்ளியியலாளர் ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில் வகுத்த முறை அது. மொத்தம் 107 நோயாளிகள். மருந்தும் படுக்கை ஓய்வும் பெற்ற 55 பேரில் ஆறு மாதத்துக்குள் 4 பேர் இறந்தார்கள். ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேர். 1948-ல் வெளியான அந்த ஆய்வுதான் இன்றைய மருத்துவச் சோதனைகளுக்கெல்லாம் அச்சு.

விண்ணப்பங்களை யார், எப்படி மதிப்பிடுகிறார்கள்?

உங்களைப் போன்றவர்களே. ஒரு விண்ணப்பத்தை முழுதாகப் படிப்பவர் பெரும்பாலும் மூன்று பேர். மற்ற உறுப்பினர்கள் அந்த மூவர் பேசுவதைக் கேட்டு, பக்கங்களைப் புரட்டி, மதிப்பெண் போடுவார்கள். என்.ஐ.எச்.சில் மதிப்பெண் 1 முதல் 9 வரை, அதில் 1தான் உச்சம். முதல்முறை 2 வாங்கிவிட்டு அழுதவரையும், 8 வாங்கிவிட்டு வீட்டுக்குப் போன் போட்டவரையும் பற்றிக் கதைகள் உலவுகின்றன. தொடக்க மதிப்பெண்ணில் பின்தங்கும் பாதி விண்ணப்பங்கள் கூட்டத்தில் பேசப்படுவதே இல்லை.

பேசப்படும் விண்ணப்பத்துக்கும் பத்துப் பதினைந்து நிமிடம் கிடைத்தால் அதிகம். அந்த அறையில் உங்களுக்காக ஒருவர் வாதாட வேண்டும். அவர் வாயில் வைத்துப் பேசுவதற்கு இரண்டு நல்ல வாக்கியங்களை நீங்களே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். கனமான சொற்களால் நிரம்பிய விண்ணப்பத்தை ஆதரிப்பவர்கூட, 'நல்ல திட்டம்' என்று சொல்லிவிட்டுத் தாளைக் கீழே வைப்பதைப் பார்த்திருக்கிறேன்.

நியாயமான முறையா என்று கேட்டால், மோசமானவற்றை ஒதுக்குவதில் நியாயமானது. நல்லதற்கும் மிக நல்லதற்கும் நடுவில் கோடு போடும்போது அதிர்ஷ்டமும் கலந்துவிடுகிறது. இதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது நியூசிலாந்தின் சுகாதார ஆய்வுக் கவுன்சில். 2013 முதல் ஒரு வகை மானியத்தில், தகுதிக்கோட்டைத் தாண்டிய விண்ணப்பங்களைக் குலுக்கல் போட்டே தேர்ந்தெடுக்கிறார்கள். எனக்கு அது பிடித்திருக்கிறது. தோற்றவருக்கு 'நீ மட்டம்' என்ற செய்தி போகாது.

நிராகரித்துவிட்டார்கள். இனி?

கருத்துகளை ஒருமுறை படித்துவிட்டு ஒரு வாரம் தொடாதீர்கள். முதல் நாள் எல்லா மதிப்பீட்டாளரும் முட்டாளாகத்தான் தெரிவார்கள். எட்டாம் நாள், மூவரில் இருவர் ஒரே இடத்தில் இடறியிருப்பது தெரியும். அந்த இடம் உங்கள் எழுத்தில் உள்ள குழி.

எனக்கு முதல் நிராகரிப்பில் வந்த ஒரு வரி இன்னும் நினைவிருக்கிறது: 'இவர் இதைச் செய்வார் என்று நம்புகிறேன், எப்போது செய்வார் என்று தெரியவில்லை.' டியூட்டி பட்டியலைப் பார்க்காமலேயே கண்டுபிடித்துவிட்டார் மனிதர்.

மறுபடி அனுப்பும்போது ஒவ்வொரு கருத்துக்கும் மரியாதையாகப் பதில் எழுதுங்கள். ஏற்காத இடத்தில் ஏன் ஏற்கவில்லை என்று சொல்லலாம், தப்பில்லை. பெரும்பாலான அமைப்புகள் மறுவிண்ணப்பத்துக்கு ஒரு கால வரம்போ எண்ணிக்கை வரம்போ வைத்திருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

நெறிமுறைக் குழு அனுமதி முன்பா, பின்பா?

அமைப்பைப் பொறுத்தது. ஆய்வைத் தொடங்கும்முன் கட்டாயம் என்பது மட்டும் பொது. மருத்துவச் சோதனை என்றால் முதல் பங்கேற்பாளரைச் சேர்க்கும் முன்பே பொதுப் பதிவேட்டில் பதிந்துவிட வேண்டும். 2005 முதல் முன்னணி மருத்துவ இதழ்கள், பதியாத சோதனையை வெளியிட மறுக்கின்றன. ஒருநாள் தாமதமாகப் பதிந்தாலும் பிறகு விளக்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

வழிகாட்டியை எப்படித் தேர்ந்தெடுப்பது?

பெரிய பெயரைப் பார்க்காதீர்கள், அவரிடம் முன்பு பயிற்சி பெற்றவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று பாருங்கள். மூன்று பேரைக் கூப்பிட்டு ஒரே கேள்வி கேளுங்கள்: 'வரைவை அனுப்பினால் எத்தனை நாளில் திருப்பித் தருவார்?' பதில் சொல்வதற்கு முன் அவர்கள் எவ்வளவு நேரம் மௌனமாக இருக்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள்.

ஒருவர் போதாது என்பது என் அனுபவம். ஆய்வுக்கு ஒருவர், புள்ளியியலுக்கு ஒருவர், அப்புறம் உங்கள் துறைக்கு வெளியே, உங்களால் எந்த லாபமும் இல்லாத ஒருவர். மூன்றாமவர்தான் 'இதை விட்டுவிடு' என்று சொல்லக்கூடியவர்.

சம்பளம் குறையுமா?

பிராக்டிஸ் செய்யும் நண்பரோடு ஒப்பிட்டால் குறையும், அதிலும் முதல் பத்து ஆண்டு. மூடி மறைத்துப் பயனில்லை. என்.ஐ.எச்., ஆய்வுக்கு வரும் மருத்துவர்களின் படிப்புக் கடனில் ஒரு பகுதியை அடைக்கும் திட்டம் வைத்திருப்பதே இதனால்தான். முப்பதுகளின் நடுவில் குழந்தை வளர்ப்பும் ஃபெலோஷிப் முடிவும் ஒரே ஆண்டில் வந்து நிற்கும், அதையும் எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். பகுதிநேரமாக நீட்டிக்க முடியுமா, மகப்பேறு விடுப்புக்கு மானியக் காலம் நிறுத்திவைக்கப்படுமா என்பதை விண்ணப்பிக்கும் முன்பே விசாரியுங்கள். ஆண்களும் கேட்கலாம்.

முடிவு எதிர்மறையாக வந்தால் அடுத்த மானியம் போய்விடுமா?

போகாது. வெளியிடாமல் வைத்தால் போகும், போகவும் வேண்டும். இயன் சால்மர்ஸும் பால் கிளாசியோவும் 2009-ல் லான்செட் இதழில் ஒரு கணக்குப் போட்டார்கள். ஏற்கெனவே விடை தெரிந்த கேள்வி, பலவீனமான வடிவமைப்பு, வெளிவராத முடிவு, புரியாத அறிக்கை என்று மருத்துவ ஆய்வில் போடும் பணத்தில் 85 சதவீதம் வரை தவிர்க்கக்கூடிய வழிகளில் வீணாகிறது என்றார்கள். பாத வெப்பம் அளப்பதால் பயனில்லை என்று தெரிந்தால், அதுவும் 332 பேர் ஓராண்டு பொறுமையாக அளந்து கொடுத்த விடைதான். அவர்களுக்கும் அதை எளிய மொழியில் ஒரு பக்கக் கடிதமாக அனுப்புங்கள். பலர் அனுப்புவதே இல்லை.

மானியம் கிடைத்துவிட்டது! முதல் வாரத்தில் என்ன செய்ய?

வாழ்த்துகள். விருதுக் கடிதத்தின் நிபந்தனைகளை நிதி அலுவலகத்தோடு உட்கார்ந்து படியுங்கள். ஆய்வுச் செவிலியர் பணிக்கான அறிவிப்பை அன்றைக்கே அனுப்புங்கள், ஆள் எடுக்க நீங்கள் நினைப்பதைவிட இரண்டு மடங்கு நாளாகும். பதிவேட்டு எண்ணைச் சரிபாருங்கள். அப்புறம் ஆதரவுக் கடிதத்தின் நகலோடு டியூட்டி பட்டியல் போடுபவரைப் போய்ப் பாருங்கள். அடுத்த மாதப் பட்டியலில் உங்கள் மூன்று நாட்களுக்கு எதிரே 'ஆய்வு' என்று பேனாவால் எழுதச் சொல்லுங்கள். பென்சில் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.